சங்கும் மணியும்

ஆம்பூரில் பொழுது விடிந்ததைப் பேருந்துகள் அறிவிக்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பக்கமிருந்தும் மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தோளில் சோற்றுப்பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இறங்கும் பெண்கள் நடையை எட்டிப் போடுவர். பணி தொடங்கும் ஒலி எழுவதற்குள் தத்தம் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும் என்பதே அந்நேரத்தில் அவர்களுடைய ஒரே கவலை.

தமிழகத்தின் ஆலை நகரங்களில் அவ்வொலிக்குச் சங்கு என்று பெயர். பஞ்சாலைச் சங்கைக் கேட்டு அடுப்பு மூட்டியதும், அடுத்த சங்கைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் கோவை போன்ற ஊர்களின் பழங்கதை. சங்கு இருந்த இடத்தில் இன்று மின்மணி வந்துவிட்டது. எனினும் அது கற்பிக்கும் பாடம் மாறவில்லை. மணி அடித்தால் அமர வேண்டும். அடுத்த மணி அடிக்கும்வரை எழக்கூடாது. ஆண்டுக்கணக்கில் இப்பாடத்தைக் கற்ற உடல், மனத்தைக் கேட்காமலேயே அதன்படி நடக்கும்.

அதே கூடத்தின் சுவரில் சிவப்பு நிறத்தில் இன்னொரு மணியும் உண்டு. தீ எச்சரிக்கை மணி. அது கேட்பது நேர்மாறானது: கையில் உள்ளதை அப்படியே விடு, எழு, எவரிடமும் அனுமதி கேளாமல் வெளியேறு. ஒருவேளை, ஒரு தொழிலாளியின் பணிக்காலம் முழுவதிலும் அந்த மணி மெய்யான காரணத்திற்காக ஒருமுறைகூட ஒலிக்காமல் போகலாம். ஒலித்தால், நாள்தோறும் ஒலிக்கும் மணிக்குப் பழகிய செவியால் அதன் சொல்லை உடனே கேட்க முடியுமா என்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன.

தோல் தொழிலுக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் வேரூன்றியதற்கு நீரே காரணம். ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதப்படுத்தல் என அத்தொழிலின் முற்பாதி முழுவதும் ஈரத்தில் நடப்பது. பெரிய மர உருளைகளில் தோல் சுழலும் அக்கூடங்களில் தரை ஒருபோதும் உலர்வதில்லை. ஆகவே, ‘இங்கே என்ன தீப்பிடிக்கப் போகிறது?’ என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக அங்கே படிந்திருந்தால் வியப்பில்லை.

காலணி செய்யும் கூடம் வேறு உலகம். வெட்டும் பிரிவில் வெட்டப்பட்ட தோலும் அதன் உள்துணியும் தையல் பிரிவுக்கு வந்து மேற்பகுதியாகின்றன. மேற்பகுதி மர அச்சு போன்ற வார்ப்பில் இழுத்துப் பொருத்தப்பட்டு, அடிப்பாகத்தோடு பசையால் ஒட்டப்படுகிறது. ‘சொல்யூஷன்’ என்று பேச்சில் வழங்கும் அந்தப் பசையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பசையைக் கரைத்து வைக்கும் டொலுவீன் போன்ற நீர்மங்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. டொலுவீன் 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடத் தொடங்கும். வேலூர் வெயிலோ நாடறிந்தது. மார்கழிப் பனியிலும் அங்கே வெப்பநிலை அவ்வளவு கீழே இறங்குவதில்லை. எனவே, மூடி திறந்த பசைக்கிண்ணம் ஒவ்வொன்றும் ஆண்டின் எல்லா நாளும் ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து சென்று, எங்கோ ஒரு மின்பொறியைச் சந்தித்தால், அங்கிருந்து தீ வந்த வழியே கிண்ணத்தை நோக்கித் திரும்பும். அருகிலேயே அட்டைப்பெட்டிகள், நுரைப்பஞ்சு, துணிச்சுருள், நூல்கண்டுகள். தீக்கு வேண்டியவை அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.

இத்தகைய கூடம் ஒன்றில் எச்சரிக்கை மணி ஒலிப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். தையல் பொறியில் குனிந்திருக்கும் இருபது வயதுப் பெண் தலையை நிமிர்த்துகிறாள். உடனே எழுவதில்லை. பக்கத்து இருக்கையைப் பார்க்கிறாள். அங்கே இருப்பவள் பத்து ஆண்டு மூத்தவள்.

“என்னக்கா, மணி அடிக்குதே?”

“உட்காரு. நெசமா இருந்தா சூப்பர்வைசர் சார் சொல்லமாட்டாரா?”

மேற்பார்வையாளர் கூடத்தின் கோடியில் நிற்கிறார். அவரும் காத்திருக்கிறார், மேலாளரின் தொலைபேசி அழைப்புக்காக. இதற்குள் அரை நிமிடம் போய்விடுகிறது. ஒருவரும் கலங்கவில்லை, ஒருவரும் ஓடவில்லை. அமைதியே அங்கே ஆபத்தாகிவிட்டது.

தீ என்றதும் மக்கள் வெறிகொண்டு ஓடி ஒருவரையொருவர் மிதிப்பார்கள் என்பதே பொதுவான எண்ணம். திரைப்படங்கள் அதைத்தான் காட்டுகின்றன. அப்படி நேர்வதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நேரம் கடந்தபின், வழி அடைபட்டபின் நேர்வது. தொடக்கத்தில் நேர்வது தயக்கம். இதனை அமெரிக்க உளவியல் அறிஞர்களான பிப் லடானே, ஜான் டார்லி இருவரும் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. அவர்கள் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை ஓர் அறையில் அமர்த்தி வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் சுவரிலுள்ள துளை வழியாகப் புகை வரத் தொடங்கியது. அறையில் தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்து சென்று புகையைப்பற்றித் தெரிவித்தனர். மும்மூவராக அமர்ந்த 8 குழுக்களிலோ, 3 குழுக்களில் மட்டுமே எவரேனும் ஒருவர் எழுந்தார். புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்தவர்களில், 10 பேருக்கு ஒருவரே எழுந்தார். ஏனையோர் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் வினாத்தாளை நிரப்பினார்கள். பிறகு கேட்டபோது, அது நீராவி என்றோ குளிர்சாதனப் பொறியின் ஆவி என்றோ விளக்கம் கூறினார்கள்.

அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். மனிதர் மனிதரைப் பார்த்தே எது ஆபத்து என்று அறிகின்றனர். அருகில் இருப்பவர் அசையாமலிருந்தால் அசைய ஒன்றுமில்லை என்று மனம் முடிவு செய்கிறது. அருகில் இருப்பவரும் இவரைப் பார்த்து அதே முடிவுக்கு வருகிறார். மூவர் இருந்த அறையிலேயே இப்படியென்றால், முந்நூறு பேர் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தையல் கூடத்தில், எழுந்தால் அன்றைய இலக்கு குறையும் என்ற அச்சமும் சேர்ந்திருக்கும்போது, முதலில் எழுபவளுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அத்துணிவு மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை வங்கதேசம் கண்டது. டாக்காவின் புறநகரான ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை ஒன்பது தளக் கட்டடத்தில் இயங்கியது. 2012 நவம்பர் 24ஆம் நாள் மாலை, துணியும் நூலும் குவித்து வைக்கப்பட்டிருந்த தரைத்தளத்தில் தீப்பிடித்தது. எச்சரிக்கை மணி ஒலிக்கவே செய்தது. தொழிலாளர்கள் எழவும் செய்தனர். உயிர்பிழைத்தவர்கள் பின்னர் கூறியவற்றுள் மீண்டும் மீண்டும் வருவது ஒரே செய்தி: மேலாளர்கள் அவர்களைத் தடுத்து, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சில தளங்களில் மடக்குக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. படிக்கட்டுகள் யாவும் எரிந்துகொண்டிருந்த தரைத்தளத்திலேயே சென்று முடிந்தன. வெளிப்புறமாக இறங்கும் அவசரப் படிக்கட்டு இல்லை. புகை மேலேறி வந்தபின் சன்னல் கம்பிகளைப் பெயர்த்துக் குதித்தவர்கள் சிலர் பிழைத்தனர். இறந்தவர் தொகை 112க்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆம்பூர்ப் பேருந்துகளிலிருந்து காலையில் இறங்கும் பெண்களின் வயதுதான் அவர்களில் பலருக்கும் இருந்திருக்கும்.

அங்கே மணி பழுதாகவில்லை. மணிக்கும் காலுக்கும் நடுவே ஒருவரின் சொல் குறுக்கிட்டது.

மணியே இல்லாத இடத்தில் நேர்ந்ததையும் உலகம் அறியும். 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயார்க் நகரில் ட்ரையாங்கிள் சட்டை ஆலை எரிந்தது. அது ஒரு பத்துத்தளக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கியது. எட்டாம் தளத்தில் வெட்டுத்துணிக் குவியலில் தீப்பிடித்தது. அங்கிருந்து பத்தாம் தளத்து அலுவலகத்திற்குத் தொலைபேசியில் செய்தி சென்றது. அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் மொட்டைமாடி வழியாகத் தப்பினர். நடுவிலிருந்த ஒன்பதாம் தளத்திற்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. தீயே அங்கு முதல் செய்தியாக வந்தது. தொழிலாளர்கள் பொருள்களைத் திருடிச் செல்லக்கூடும் என்னும் ஐயத்தால் அத்தளத்தின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. விரைந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் ஏணிகள் எட்டாம் தளத்தைக்கூட எட்டவில்லை. இறந்தோர் 146 பேர். பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளம்பெண்கள். தெருவில் நின்று அதனைக் கண்டவர்களுள் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்காக அதன்பின் அவர் உழைத்தார். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலராகவும் ஆனார்.

இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஓர் அம்மையார் அமைச்சரவைக்கு உயர்ந்தார். ஒரு நூற்றாண்டு இடைவெளியிலும் கதவுப்பூட்டு மட்டும் மாறாமல் டாக்காவுக்கு வந்து சேர்ந்தது.

இனி மணியின் பக்கத்திலும் சிறிது நியாயம் பேச வேண்டும். மணி ஒலித்தும் மக்கள் எழாமைக்கு அதுவும் ஒரு காரணம். புகையுணர் கருவிகளுள் மிகுதியாகப் பயன்படும் ஒருவகை, ஒளியைக்கொண்டு இயங்குவது. கருவிக்குள் சிறிய ஒளிக்கீற்று ஒன்று சென்றுகொண்டேயிருக்கும். அது உணரியின்மேல் படாதவாறு அமைத்திருப்பர். புகைத்துகள் உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி உணரியின்மேல் விழும்; மணி ஒலிக்கும். ஆனால், அக்கருவிக்குப் புகை இன்னது, தூசி இன்னது என்று பிரித்தறியத் தெரியாது. தோலைத் தேய்த்து மெருகூட்டும் இடத்தில் பறக்கும் நுண்தூசியும், உணவுக்கூடத்து நீராவியும் அதற்குப் புகையாகவே தோன்றும். அதனால்தான் அத்தகைய இடங்களில் வெப்பத்தை உணரும் கருவியைப் பொருத்துவது பொருத்தமாகிறது. தவறான இடத்தில் தவறான கருவியைப் பொருத்தி, அது அடிக்கடி வீணே ஒலித்து, தொல்லை தாளாமல் அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டால் அதற்குப்பின் அந்தக் கூடத்தில் மணி ஓர் அலங்காரப் பொருள்தான்.

‘புலி வருது, புலி வருது’ என்று பொய்க்குரல் எழுப்பிய சிறுவனின் கதையைத் தமிழ்க் குழந்தைகள் அனைவரும் கேட்டு வளர்கின்றனர். கதையில் குற்றவாளி சிறுவன். ஆயினும் அக்கதையை ஊராரின் பக்கம் நின்றும் பார்க்கலாம். மூன்றாம் முறையும் அவர்கள் கம்புகளோடு ஓடியிருந்தால் இழப்பு என்ன? சிறிது களைப்பு, சிறிது எரிச்சல். ஓடாததால் இழந்தது எவ்வளவு? காரணமின்றி ஒலித்த மணிக்காக முந்நூறு பேர் வெளியே சென்று திரும்ப ஆகும் கால்மணி நேரத்தைக் கணக்குப் பேரேட்டில் நட்டமாக எழுத முடியும். எழுந்து செல்லும் பழக்கம் உயிரோடிருப்பதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? அதற்குப் பத்தியே இல்லை.

எழுந்தபின் செய்ய வேண்டியவை எளியவை. அவற்றின் காரணத்தை அறிந்தவர் மறப்பதில்லை. எரியும் கட்டடத்தில் தீயைவிடப் புகையே முதலில் கொல்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு அதனைப் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சின்றித் தவிக்கும், அறிவு மங்கும், வழி தெரிந்தவரும் வழி தவறுவர். சூடான புகை மேலே திரள்வதால் தரையருகில் காற்று சற்றுத் தெளிவாக இருக்கும். புகை சூழ்ந்தால் குனிந்தும் தவழ்ந்தும் செல்லச் சொல்வது அதனால்தான். நனைத்த துணியால் மூக்கை மூடுவது கரித்துகளைச் சிறிது தடுக்குமேயன்றி, கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. துணியை நனைக்கத் தண்ணீர் தேடி நிற்பவர், அந்நேரத்தில் கடக்க வேண்டிய இருபது அடியை இழக்கிறார்.

மின்தூக்கியைத் தவிர்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அது செல்லும் குழாய் போன்ற வெளி, புகைபோக்கியாக மாறிப் புகையை மேல்தளங்களுக்கு இழுத்துவிடும். மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பவர் பெட்டியில் அடைபட்டுவிடுவர். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. சுட்டால் அக்கதவுக்கு அப்பால் தீ இருக்கிறது. வேறு வழி தேட வேண்டும். கடந்து வந்த கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வந்தால் தீக்குக் காற்றுக் குறைகிறது. பின்னால் வருபவருக்கு நேரம் கூடுகிறது. இறங்க வழியே இல்லாதபோது தெருவைப் பார்த்த சன்னலுள்ள அறைக்குள் சென்று, கதவைச் சாத்தி, கீழிடுக்கைத் துணியால் அடைத்து, சன்னலில் நின்று கைகாட்ட வேண்டும்.

தீயைத் தானே அணைத்துவிடலாம் என்னும் நினைப்பு, நல்ல உள்ளத்தில் தோன்றுகிற ஆபத்தான நினைப்பு. குப்பைக்கூடை அளவான தீயை, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னே இருக்கும்போது, பயிற்சி பெற்றவர் அணைக்க முயலலாம். பசைக்கிண்ணத்தில் பற்றிய தீயின்மேல் தண்ணீரைக் கொட்டினால், எரியும் நீர்மம் தண்ணீரின்மேல் மிதந்து எங்கும் பரவும். அங்கே நுரையோ உலர்தூளோ வேண்டும்; சிறிய தீயென்றால் சுவரோரம் தொங்கும் சிவப்பு வாளி மணலும் உதவும்.

எல்லாவற்றினும் கடினமானது பொருளை விட்டுச் செல்வது. தொழிற்கூடத்தின் மாடத்தில் அவள் வைத்துவந்த பையில் என்ன இருக்கும்? சோற்று டப்பா, கைப்பேசி, மகளிர் குழுக் கடனுக்கு அன்று மாலை கட்ட வேண்டிய தவணைப் பணம். செல்வருக்கு அது சிறுதொகை. அவளுக்கு அது ஒரு வாரத்து உழைப்பு. ‘பொருளை விட்டுவிடுங்கள்’ என்று சுவரொட்டியில் எழுதுவது எளிது. பையை மறுநாள் பெற்றுக்கொள்ளலாம், இழந்தால் ஈடு கிடைக்கும் என்னும் உறுதியை அவளுக்கு அளித்த நிருவாகமே அவ்வரியை எழுதத் தகுதி உடையது.

பள்ளி மாணவர்க்கு இவை தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிய இடத்தில், சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கொட்டகைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகளின்மேல் சரிந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். அங்கே ஒலிக்க மணி இல்லை. குறுகலான படிக்கட்டே வழி. தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டது அதன்பிறகுதான். இன்று பதினோராம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் அந்நாளில் பிறந்திருக்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலுள்ள உறுதியான கூரை, அக்குழந்தைகளின் பெயரால் வந்தது.

சட்டம் இவற்றை அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 38ஆம் பிரிவில், தப்பிச்செல்லப் பாதுகாப்பான வழியும் தீயணைக்கும் கருவிகளும் வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. தொழிலாளர் அனைவரும் அவ்வழியை அறிந்திருக்கவும் அந்நேரத்தில் செய்ய வேண்டியவற்றில் போதிய பயிற்சி பெற்றிருக்கவும் வேண்டும் என்றும் கூறியது. ‘அனைவரும்’ என்ற சொல் கருதத்தக்கது. பாதுகாப்பு அலுவலர் அறிந்தால் போதாது. நேற்றுச் சேர்ந்த ஒப்பந்தப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சி எவ்வளவு செய்யும் என்பதற்கு ரிக் ரெஸ்கோர்லா சான்று. நியூயார்க் உலக வணிக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் அவர். 1993இல் அங்கு நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப்பின், ஊழியர் அனைவரையும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை படிக்கட்டு வழியே இறங்கிப் பழகச் செய்தார். பங்கு வணிகத்தில் நிமிடத்திற்கு நிமிடம் பணம் புரளும். உயர் அலுவலர்கள் முணுமுணுத்தனர். அவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டபோது, தெற்குக் கோபுரத்தில் இருப்போர் தத்தம் இடத்திலேயே இருக்கலாம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ரெஸ்கோர்லா அதற்குச் செவிசாய்க்காமல் தம் மக்களை இறங்கச் செய்தார். 17 நிமிடங்களுக்குப்பின் தெற்குக் கோபுரமும் தாக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஏறத்தாழ 2,700 பேரில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் பிழைத்தனர். எஞ்சியவரைத் தேடி மீண்டும் மேலேறிய ரெஸ்கோர்லா திரும்பவில்லை.

இந்தியாவில் தீயணைப்புப் பணி வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை கடைப்பிடிக்கப்படுகிறது. 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிந்து வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அமைந்த வாரம் அது. தமிழ்ப் புத்தாண்டும் பெரும்பாலும் அந்நாளிலேயே வருவதால் தொழிற்சாலைகள் விடுமுறையில் இருக்கும். ஒத்திகை அடுத்த நாள்களுக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போவதில் தவறில்லை. முன்னறிவிப்போடு, நல்ல உடையில், நிழற்படக்காரரையும் வரவழைத்து நடத்தும் ஒத்திகையில்தான் குறை. அன்று அனைவரும் முன்வாயில் வழியாகவே வெளியே வருவர். முன்வாயிலின் அருகிலேயே தீ எரிந்தால் பின்படிக்கட்டின் கதவு எப்பக்கம் திறக்கும், அதன் முன்னே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றனவா என்பவை அந்த ஒத்திகையில் தெரியவரா.

சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஒத்திகை வேறுவிதம். நண்பகல் உணவுக்கு இன்னும் அரைமணி இருக்கும்போது சிவப்பு மணி ஒலிக்கிறது. வரிசைக்கு ஒருவராக முன்பே அமர்த்தப்பட்டவர்கள் உரக்கச் சொல்கிறார்கள்: “எந்திரிங்க, பின்பக்கப் படி!” ஊசி பாதித் தையலில் நிற்க, விளக்கு எரிந்தபடியிருக்க, இருக்கைகள் காலியாகின்றன. கருவுற்ற பெண்ணுக்கும் கால் ஊன்றி நடக்க இயலாதவருக்கும் துணையாக முன்பே குறிக்கப்பட்ட இருவர் அவர்களோடு மெல்ல இறங்குகின்றனர். கழிப்பறையையும் கிடங்கையும் ஒருவர் பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியேறுகிறார். கட்டடத்திற்கு எட்டத்தில், வண்டிகள் வரும் வழியை மறிக்காமல், மதிற்சுவரோர வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக நிற்கின்றனர்.

மேற்பார்வையாளர் பெயர்ப்பட்டியலை விரிக்கிறார். உள்ளே எவரேனும் இருக்கிறார்களா என்பதற்குத் தீயணைப்பு வீரரிடம் சொல்லத்தக்க ஒரே விடை அந்தத் தாளில் இருக்கிறது. இல்லாத ஒருவரைத் தேடி வீரர் தீக்குள் நுழைய நேர்வதும், உள்ளே இருக்கும் ஒருவரை எவரும் தேடாமல் போவதும் அந்தத் தாள் பிழைப்பதால்தான். அவர் ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். நாற்பத்தோராம் பெயருக்கு மறுமொழி இல்லை. மீண்டும் அழைக்கிறார். பேச்சு அடங்குகிறது. எல்லாத் தலைகளும் கட்டடத்தின் பக்கம் திரும்புகின்றன.

அடுத்த பிரிவின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்கிறது. தன் அக்காளோடு பேசிக்கொண்டே அங்கே போய் நின்றுவிட்ட பெண், கூச்சத்தோடு தன் வரிசைக்கு ஓடிவருகிறாள்.

“இங்க இருக்கேன் சார்.”

அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பெயருக்கு எதிரே கோடிடுகிறார். நாற்பத்திரண்டாம் பெயரை அழைக்கிறார்.